மேஜரும் வாசல் செருப்பும்

மலாக்காவில் நான் வேலை பார்த்த மிருக ஆஸ்பத்திரியில் நாய்களை அவிழ்த்துவிடும் முற்றம் ஒன்று உண்டு. அந்த முற்றத்துக்குள் நுழையும்போது நாங்கள் எல்லாரும் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவோம். உள்ளே ஒன்றும் கோயில் இல்லை. நாய் மூத்திரமும் பினாயில் வாடையும்தான்.

அண்மையில் வந்திருக்கும் இளம் டாக்டர் இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டாராம். எல்லாரும் ரப்பர் பூட்ஸ் போட வேண்டுமாம். எலியால் வருகிற காய்ச்சலுக்காகச் சொல்லியிருக்கிறார். நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் இடத்தில் இப்போது வேலை செய்யும் காவேரி, செமாபோக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவள், தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டாள்:

"பெரியம்மா, நீங்கள்லாம் நாய் முத்தத்துக்குள்ள எதுக்கு வெறுங்காலோட போனீங்க? சும்மா ஒரு பக்தியா?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவளுக்கு யார் சொன்னார்கள்? காரணம் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். ஆகவே எழுதி வைக்கிறேன். இது மேஜர் என்ற நாயைப் பற்றியது. அதைவிட, எங்கள் டிரெஸ்ஸர் பிள்ளையைப் பற்றியது.

டிரெஸ்ஸர் என்றால் டாக்டருக்கு அடுத்தபடி. கட்டுப்போடுவது, ஊசி போடுவது, மருந்து கலக்குவது எல்லாம் அவர்தான். பிள்ளை காஜா பேராங்கில் இருக்கும் செட்டி கம்போங் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், பெயரில் பிள்ளை. வாயைத் திறந்தால் மலாய். அந்தக் கம்போங்கில் எல்லாரும் அப்படித்தான். பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், தமிழ் வராத பிள்ளையா என்று முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்தான். நான் சிரித்ததைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுதும்போதே அதன் ருசி பாதி போய்விடுகிறது, என்ன செய்வது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் கூட்டினேன், கழுவினேன், கடி வாங்கினேன். அப்புறம் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். என் அப்பா தோட்டத்தில் மாடு வைத்துப் பால் கறந்தவர். மிருகம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. மனிதர்களிடம்தான் வாய்ச்சண்டை போடுவேன்.

அந்தக் காலத்தில் ஆள்மேல் தாவுகிற நாயைத் திருத்த எல்லாரும் ஒரே வைத்தியம்தான் செய்தார்கள். தாவும்போது முட்டிக்காலால் நெஞ்சில் ஒரு இடி. அடங்காவிட்டால் பின்னங்கால் விரலை ஒரு மிதி. வெள்ளைக்காரத் துரைமார் வீட்டிலும் அதுதான், நம் ஆட்கள் வீட்டிலும் அதுதான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் ஒரு நாயை முட்டியால் இடிக்கப் போனபோது பிள்ளை என் முன்னால் வந்து நின்றார்.

"பாக்கியம், அது ஏன் உன்மேல ஏறுது?"

"கொழுப்பு" என்றேன்.

"இல்ல. நாயும் நாயும் எப்படிப் பார்த்துக்கும்? முகத்தோட முகம் வச்சு. உன் முகம் மேல இருக்கு. அதான் ஏறி வருது. அது உனக்கு வணக்கம் சொல்லுது. வணக்கம் சொன்னவனை நீ முட்டியால இடிக்கிறே."

இப்படி ஒருவர் சொன்ன பிறகு எப்படி இடிப்பது?

அவர் செய்த முறை இதுதான். நாய் தாவினால் கத்தக்கூடாது. தள்ளக்கூடாது, ஏனென்றால் தள்ளினால் அது விளையாட்டு என்று நினைக்கும். அதன் கண்ணைப் பார்க்கவே கூடாது. கையை மார்போடு கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, மரம் மாதிரி நிற்க வேண்டும். அது சட்டையைக் கிழிக்கட்டும், முதுகில் ஏறட்டும், நீ மரம். எப்போது அதன் நாலு காலும் தரையில் படுகிறதோ அந்தக் கணமே நீ குரலை இறக்கி "பாகுஸ்", அதாவது நல்லது, என்று சொல்லி, வாயருகே ஒரு நெத்திலியை நீட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் போச்சு. எதற்காகக் கொடுத்தாய் என்று அதற்குத் தெரியாது. கொஞ்ச நாளில் நாலு கால் போதாது, உட்கார்ந்தால்தான் நெத்திலி. அவ்வளவுதான் வித்தை. கேட்க எளிது. செய்து பாருங்கள், நாய்க்கு முன்னால் உங்களுக்குப் பொறுமை போய்விடும்.

அதனால்தான் அவர் வாயில் எப்போதும் ஒரே சொல்: சாபார். பொறுமை என்று அர்த்தம். நாயிடமும் அதையே சொல்வார், என்னிடமும் அதையே சொல்வார், கத்திக்கொண்டு வருகிற நாய்க்காரரிடமும் அதையே சொல்வார். அவருடைய சட்டைப் பையில் வறுத்த நெத்திலி எப்போதும் இருக்கும். கம்போங் பூனைகள் எல்லாம் அவர் பின்னால் வரும். அவருடைய மனைவி அந்தச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாராம்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். நாயைச் சந்திக்கிற எல்லாரும் இதே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் மரம், இன்னொருத்தர் "ஐயோ செல்லம்" என்றால் நாய் எதை நம்பும்? ஆகவே ஆஸ்பத்திரிக்கு வருகிற பால்காரர், காப்பிக் கடைச் சீனர், சரிகைக் கெபாயாச் சட்டை போட்ட, மலாய் பேசுகிற பாபா சீனர் வீட்டு அம்மாள்கள் வரை எல்லாரையும் கையைக் கட்டி நிற்க வைப்பார். கெபாயா போட்ட அம்மாள்கள்தான் மிக ஒழுங்காக நின்றார்கள். அந்தச் சரிகையில் நாய் நகம் மாட்டினால் அழுதே விடுவார்கள்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த வருஷம் எங்கள் முற்றம் நாய்களால் நிறைந்துபோனது. படாங் மைதானத்தில் கொடியும் தோரணமும், ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளில் புதுத்துணி விற்பனை, ஊரே பூரித்துப் போயிருந்தது. எனக்கும் நெஞ்சு நிறையத்தான் சந்தோஷம். ஆனால் கப்பலேறிப் போகிற துரைமார் தங்கள் நாய்களைக் கொண்டுபோக முடியாது. அங்கே போனால் மாதக்கணக்கில் அடைத்துப் போடுவார்களாம். நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், சமையல்காரருக்குக் கொடுத்தார்கள், மிச்சத்தை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். கேட்டு வாங்கிப் போக ஆள் இருந்தால் நாய்க்கு வீடு. இல்லாவிட்டால் ஊசி. நான் பிடித்துக்கொள்வேன், பிள்ளை ஊசி போடுவார். நான் பிடித்திருப்பதால் அது பயப்படாமல் என் கையை நக்கிக்கொண்டே கண் மூடும். அந்த வேலையை நான் வெறுத்தேன். அன்றைக்கு எல்லாம் பிள்ளை யாரிடமும் பேச மாட்டார், சாப்பிடவும் மாட்டார்.

மேஜரைக் கொண்டுவந்தவர் டிரைவர் மாணிக்கம். ரப்பர் தோட்டத்துத் துரையிடம் கார் ஓட்டியவர். துரை போகும்போது, நாயை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம், தொங்கு காது. பெயர்தான் மேஜர், சாதாரணச் சிப்பாயின் ஒழுக்கம்கூடக் கிடையாது. துரையே அதைக் கெடுத்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் தன் மார்பை இரண்டு கையாலும் தட்டுவார். மேஜர் ஓடிவந்து தோளில் கால் போட்டு முகத்தை நக்கும். துரைக்கு அதில் அவ்வளவு ஆனந்தம்.

மாணிக்கத்துக்கு அந்த நாய்மேல் உயிர். எனக்கு ஏன் என்று சொன்னார்.

"அக்கா, அவசரகாலத்துல தோட்டத்து ரோட்டுல கார் ஓட்டுறது என்னான்னு உங்களுக்குத் தெரியாது. துரை ஆபீஸ் உள்ள போயிருவாரு. நான் வெளியில இரும்புத் தகடு அடிச்ச கார்ல ஒத்தையா உக்காந்திருப்பேன். காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்காரன் எந்தப் பக்கத்துலேர்ந்து சுடுவானோன்னு ஈரக்கொல நடுங்கும். பின் சீட்டுல இது தலைய என் தோள்ல வச்சுக்கும். அது மூச்சு விடுறதக் கேட்டுத்தான் நான் மூச்சு விட்டேன்."

துரை போன பிறகு மாணிக்கம், பல வருஷமாகத் தன் குடும்பம் இருந்த காஜா பேராங் வாடகை வீட்டுக்கே மேஜரோடு வந்துவிட்டார். லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. பக்கத்து வீடு பாக் ஹாஜி என்று எல்லாரும் கூப்பிடும் மலாய்ப் பெரியவருடையது. மாணிக்கமும் அவரும் சாயங்காலமானால் மாணிக்கத்தின் வீட்டு வராந்தாவில் டாம் பலகையை விரித்துக் காய் நகர்த்துவார்கள். மாணிக்கம் தோற்பார், பாக் ஹாஜி அதை அடுத்த நாள் பசாரில் எல்லாரிடமும் சொல்வார். மாணிக்கத்தின் மனைவி லெட்சுமிக்குப் பிரசவ வலி வந்தபோது வண்டி கிடைக்காமல், பாக் ஹாஜியின் மனைவிதான் ஓடிவந்து குழந்தையைக் கையில் வாங்கினாராம். அப்படிப்பட்ட அக்கம்பக்கம்.

மேஜர் அந்த வீட்டுக்கு வந்த சில நாளிலேயே வினை வந்தது. வெள்ளிக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாக் ஹாஜி வெள்ளைச் சட்டையும் சாரோங்கும் சொங்கோக் தொப்பியுமாக மசூதிக்குப் புறப்பட்டார். மேஜர் கால்வாயில் குளித்துவிட்டு வந்து, சொட்டச் சொட்ட அவர் தோளில் இரண்டு காலையும் போட்டு முகத்தை நக்கிவிட்டது. அவர்கள் மார்க்கத்தில் நாயின் ஈரம் பட்டால் மண் கலந்த தண்ணீரில் ஒருமுறையும் நல்ல தண்ணீரில் மிச்சமுமாக ஏழு தடவை கழுவ வேண்டும். அவர் வீட்டுக்குத் திரும்பிக் கழுவி, உடை மாற்றி வருவதற்குள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்துவிட்டது.

அவர் கோபப்பட்டிருந்தால் மாணிக்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "மாணிக்கம், எனக்குக் கோபமில்லை. அதுவும் ஆண்டவன் படைத்ததுதான். ஆனால் இனி நான் உன் வராந்தாவுக்கு எப்படி வருவேன்?" அன்றிலிருந்து டாம் பலகை சுவரில் சாய்ந்தே இருந்தது. லெட்சுமி சொல்லிவிட்டாள்: நாயா, அந்த வீட்டு உறவா, நீங்களே முடிவு பண்ணுங்க.

மாணிக்கம் மேஜரை எங்களிடம் கொண்டுவந்து விட்டபோது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். திருந்தினால் வீடு. இல்லாவிட்டால், கன்றுக்குட்டி மாதிரி ஆள்மேல் விழுகிற நாயை அந்த நெரிசல் நேரத்தில் வேறு யார் எடுப்பார்கள்? என் கையும் பிள்ளையின் ஊசியும்தான்.

பிள்ளை மேஜரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கையைக் கட்டி நின்றோம். மேஜர் என் தோளில் ஏறியது, முதுகில் ஏறியது, என் கொண்டையை அவிழ்த்தது. நான் மரமாக நின்றேன். மரத்துக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கு நல்ல வசவு விழுந்திருக்கும். ஆனால் அது புத்திசாலி நாய். நெத்திலிக் கணக்கு அதற்குப் பிடிபட்டுவிட்டது. சில வாரத்தில் யார் வந்தாலும் ஓடிவந்து, காலடியில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து பார்க்கும். யார் மார்பைத் தட்டினாலும் எழாது. பிள்ளை ஊரையே கூட்டிவந்து காட்டினார். சீனர் காப்பிக்காரர் தட்டோடு வந்தார், உட்கார்ந்தது. பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வந்தார், உட்கார்ந்தது. நாங்கள் சந்தோஷமாக அனுப்பி வைத்தோம்.

கொஞ்ச நாளிலேயே லெட்சுமி கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"டிரெஸ்ஸரய்யா, நீங்க நல்லாப் பழக்கிட்டேன்னு சொன்னீங்களே. எங்கண்ணன் புக்கிட் ரம்பாயிலேர்ந்து வந்தாரு. வாசப்படி ஏறுறதுக்குள்ள இந்தப் பாவி முட்டுன முட்டுல நாக்கக் கடிச்சு, முன்னம்பல்லு ஆடிருச்சு. ரத்தம். தீபாவளிக்கு பாக் ஹாஜி வீட்டுல எல்லாரும் வருவாங்க. எத்தனை வருஷமா வராங்க. அன்னிக்கும் இது இப்படிப் பண்ணுச்சுன்னா நான் எந்த முகத்தோட அந்தம்மாவப் பாப்பேன்? வேணாம். ஊசி போட்டுருங்க."

சொல்லி முடித்ததும் அவளே உட்கார்ந்து அழுதாள். மேஜர் அவள் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இன்னும் அழுதாள்.

நாங்கள் மறுபடியும் சோதித்தோம். முற்றத்தில் யார் போனாலும் மேஜர் தங்கம். ஒரு குறை சொல்ல முடியாது. "வீட்டுக்குப் போனா சேட்டை, இங்க நடிப்பு" என்றேன் நான்.

பிள்ளை தலையை ஆட்டினார். "நாய்க்கு நடிக்கத் தெரியாது, பாக்கியம். நமக்குத்தான் ஏதோ தெரியல. நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்."

டாக்டருக்கு அடுத்தபடி இருக்கிறவர் ஒரு லாரி டிரைவர் வீட்டுக்கு நாய் பார்க்க நடந்து போவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. லெட்சுமியிடம், தீபாவளிவரை பொறு என்று கேட்டுக்கொண்டு, மேஜரை மாணிக்கத்தோடு முதலில் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவருமாகப் போனோம். அவர் வேலைக்குப் போடுகிற கறுப்பு சப்பாத்தையே போட்டு வந்தார், நாடா கட்டினது.

லெட்சுமி தீபாவளி முறுக்குக்காக அரிசியைக் கழுவி, வராந்தாவில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தாள். மேஜர் எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அழகாக உட்கார்ந்தது. பிள்ளை அதற்கு நெத்திலி கொடுத்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், இதில் என்ன குறை என்பது போல. பிறகு உள்ளே போவதற்காகக் குனிந்து, சப்பாத்து நாடாவில் கையை வைத்தார்.

அடுத்து நான் பார்த்தது, டிரெஸ்ஸர் பிள்ளை அரிசியில் மல்லாந்து கிடந்ததைத்தான். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் இல்லை. கண்ணாடி பறந்து போயிருந்தது. மேஜர் அவர் மார்பில் ஏறி நின்று முகமெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. மாணிக்கம் தலையில் கையை வைத்துக்கொண்டார். லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. அவருக்கு அடிபட்டுவிட்டதோ என்று நான் ஓடினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அரிசியில் படுத்தபடியே கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். நாய் நக்கிக்கொண்டே இருந்தது.

"பாக்கியம்" என்றார். "நம்ம முற்றத்துல யாராவது சப்பாத்து கழற்றுறோமா?"

"எதுக்குக் கழட்டணும், அந்த அசிங்கத்துல?"

"துரை வீட்டுல?"

மாணிக்கம்தான் பதில் சொன்னார்: "துரை எங்க கழட்டுவாரு? பூட்ஸோடதான் படுக்கைவரைக்கும் போவாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைக்காரர் வீட்டில் யாரும் வாசலில் குனிவதில்லை. நாங்கள் ஆஸ்பத்திரியில் குனிவதில்லை. நிற்கிற ஆளைப் பார்த்தால் உட்கார வேண்டும் என்றுதான் மேஜர் படித்திருந்தது. இங்கே காஜா பேராங்கில், தமிழர் வீடானாலும் மலாய் வீடானாலும் செட்டி வீடானாலும், வருகிற ஒவ்வொருத்தரும் முதலில் செய்வது குனிந்து செருப்பைக் கழற்றுவது. அதாவது, அது இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த முகத்தை அதன் முன்னாலேயே கொண்டுவந்து நீட்டுவது. எந்த நாய்தான் சும்மா இருக்கும்?

பிள்ளை எழுந்தார். முதுகிலிருந்து அரிசி கொட்டியது. லெட்சுமியின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பினார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழைத் தேடித் தேடிச் சொன்னார்:

"அம்மா, தப்பு நாய் இல்ல. தப்பு நான். நான் துரை வீட்டுக்குப் பழக்கினேன். உங்க வீட்டுக்குப் பழக்கல. நானே காஜா பேராங்காரன். எனக்குத் தெரியணும்."

லெட்சுமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அரிசிய மறுபடி கழுவிக்கலாம், ஐயா. நீங்க மொத உக்காருங்க" என்றாள்.

நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு நடந்தால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் காட்டுவார், அவர் அவருக்குக் கீழே இருப்பவரைக் காட்டுவார், கடைசியில் நாயைக் காட்டுவார்கள். அன்றைக்கு அவர் என்னையாவது காட்டியிருக்கலாம். நானும் அவரோடுதானே பழக்கினேன். காட்டவில்லை. அந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு மரியாதை என்று ஒன்று முழுசாக வந்தது. அதற்கு முன்னால் இருந்தது சம்பளத்துக்கு வைத்த மரியாதை.

மறுநாளிலிருந்து மறுபடி ஆஸ்பத்திரியில் புதுப் பாடம். பிள்ளை மேஜருக்கு ஒரு கோணிச் சாக்கை முற்றத்து வாசலருகே விரித்தார். அதுதான் அதன் இடம். முதலில் தூரத்தில் நின்று, முதுகை லேசாக வளைத்தார். மேஜர் சாக்கில் உட்கார்ந்தே இருந்தால் நெத்திலி. பிறகு கை முட்டிவரை. பிறகு கணுக்கால்வரை. எழுந்தால் உடனே நிமிர்ந்து திரும்பிக்கொள்வார், முகம் போய்விடும். உட்கார்ந்தால் முகம் திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார். சப்பாத்து, ரப்பர் செருப்பு, பாபா வீட்டு மணிச் செருப்பு, குளியலறைக்குப் போடுகிற கட்டைச் செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கழற்றினார். எங்களையும் கழற்றச் சொன்னார். ஆஸ்பத்திரிக் காவற்காரர் முதுகு பிடித்துக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தார். வார் வைத்த செருப்புதான் மிகக் கஷ்டம், ஏனென்றால் கழற்ற அதிக நேரமாகும். அவ்வளவு நேரமும் முகம் கிட்டேயே இருக்கும். கடைசியில் செருப்பு வாசலில் விழுகிற சத்தம் கேட்டாலே மேஜர் தானாகச் சாக்குக்கு ஓடியது. ஆஸ்பத்திரியில் முடிந்ததும் மாணிக்கத்தின் வாசலிலேயே போய்ச் செய்தோம். லெட்சுமியின் அண்ணன்கூட வந்து குனிந்தார், கையால் வாயை மூடிக்கொண்டு.

தீபாவளி வந்தது. பிள்ளை கோயிலுக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன். கோழியை அவர்கள் மார்க்க முறைப்படி பாக் ஹாஜியே முந்தின நாள் அறுத்துக் கொடுத்திருந்தார். சாப்பிடுகிற தட்டுகளும் அவர் வீட்டிலிருந்தே வந்திருந்தன. அந்த வீட்டில் வருஷா வருஷம் அப்படித்தான். தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் மேஜரின் முதுகு நடுங்கியது. இந்தச் சத்தத்தில் படித்ததெல்லாம் மறந்துபோகாதா?

பாக் ஹாஜியும் அவர் மனைவியும் வந்தார்கள். புதுச் சட்டை, இடுப்பில் பட்டுச் சாரோங், காலில் வார் வைத்த தோல் செருப்பு. பாக் ஹாஜி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார். மாணிக்கம் பதறிப்போய்க் கயிற்றை எடுத்தார்.

"கட்டாதே, மாணிக்கம்" என்றார் பாக் ஹாஜி. "கட்டினால், அது கற்றுக்கொண்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டில் மண்ணும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்."

அவர் மனைவி சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பாக் ஹாஜி படியேறிக் குனிந்தார். வயதானவர், மெதுவாகத்தான் குனிந்தார். வார் இறுகிப் போயிருந்தது. விரலால் நெம்பினார், வரவில்லை. அவர் முகம் மேஜருக்கு எட்டுகிற தூரத்தில். மேஜரின் உடம்பு முழுக்க ஆடியது. ஒரு முன்னங்கால் சாக்கை விட்டு எழுந்தது. மாணிக்கம் மூச்சை நிறுத்திவிட்டார். பிள்ளை அசையவில்லை. சட்டைப் பையில் கையை வைத்தபடி நின்றார். தெருவில் ஒரு சரவெடி. எழுந்த கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகச் சாக்கின்மேல் இறங்கியது.

ஒரு செருப்பு கழன்றது. அப்புறம் மற்றது. மேஜர் உட்கார்ந்தே இருந்தது.

பாக் ஹாஜி நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கும் சாபார் இருக்கிறது" என்றார். பிறகு பிள்ளையின் பக்கம் கையை நீட்டினார். "அந்த மீனை எனக்குக் கொடு."

பிள்ளை ஒரு நெத்திலியை அவர் உள்ளங்கையில் வைத்தார். பாக் ஹாஜி அதை மேஜரின் முன்னால் சாக்கில் போட்டார். மேஜர் அவரையே பார்த்தது. "பாகுஸ், மேஜர்" என்று அவர் சொன்ன பிறகுதான் தலையைத் தாழ்த்தி எடுத்துக்கொண்டது. எழவே இல்லை.

உள்ளே போகும்போது அவர் திரும்பாமலே சொன்னார்: "மாணிக்கம், நாளைக்குச் சாயங்காலம் டாம் பலகையைத் துடைத்து வை. தூசி பிடித்திருக்கும்."

மாணிக்கம் புதுச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. லெட்சுமி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "யாராச்சும் அந்த மேஜருக்கு மொதல்ல சோறு போடுங்க, காலையிலேர்ந்து பட்டினி." பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த நெத்திலியைத் தன் வாயிலேயே போட்டு மென்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரி முற்றத்து வாசலில் நின்று, தன் சப்பாத்தை முதலில் கழற்றினார். இனி எல்லாரும் இங்கே குனிந்து கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், நம்மிடம் வருகிற நாய் நம் வீடுகளுக்குத்தான் போகப் போகிறது என்றார். அந்த முற்றத்து அசிங்கத்தில் வெறுங்காலோடு நடக்க யாருக்குத்தான் பிடிக்கும்? திட்டிக்கொண்டே கழற்றினோம். பிள்ளை ஓய்வு பெற்ற பிறகும் கழற்றினோம். அவர் இந்தக் கதையைப் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எப்போது சொன்னாலும் அரிசியில் விழுந்ததோடு முடித்துக்கொள்வார். தீபாவளியைச் சொல்ல மாட்டார். அதை நான்தான் சொல்வேன்.

காவேரி, உன் டாக்டர் சொன்னபடி பூட்ஸ் போட்டுக்கொள். ஆனால் ஒரு நாயை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த வாசலில் ஒருமுறை குனிந்து அந்தப் பூட்ஸைக் கழற்று. நாய் உட்கார்ந்தே இருந்தால் அனுப்பு. உன்னைக் கீழே தள்ளிவிட்டால் உடனே எழுந்து அதைத் திட்டாதே. விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் படுத்து யோசி.